மாதிரி விடைகளும் தோட்டத்து மாணவரும்: ஒரு விமர்சன நோக்கு

"உங்கள் ஊரைப் பற்றிக் கூறுங்கள்" என்பது ஆங்கில மொழித் தேர்ச்சிப் பரீட்சைகளின் பேச்சுப் பகுதியிலே மிகச் சாதாரணமான ஒரு வினா. பரீட்சார்த்தியின் பதற்றத்தைத் தணித்து அவரைப் பேசவைக்கும் பொருட்டு முதலிலே கேட்கப்படுவது. எவரும் தயங்காது விடையளிக்கக்கூடியது என்ற எண்ணத்துடனேயே அது தெரிவுசெய்யப்பட்டிருத்தல் வேண்டும். ஆனால் எட்டியாந்தோட்டையிலோ பலாங்கொடையிலோ தோட்டத்து லயமொன்றிற் பிறந்து வளர்ந்த மாணவனுக்கு இவ்வினா அத்துணை எளிதன்று. அவனுடைய பாட்டனாரின் வாய்மொழியில் 'ஊர்' என்பது கடலுக்கப்பால் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலோ சேலத்துப் பக்கத்திலோ இருந்த ஒரு கிராமத்தைக் குறித்தது. தாம் வாழ்ந்து உழைத்து மடிந்த இடம் அவருக்குத் 'தோட்டம்', ஊரன்று. தந்தையின் தலைமுறையிலே கடலுக்கப்பாலுள்ள ஊர் மங்கிவிட்டது. தோட்டம் தோட்டமாகவே நின்றுவிட்டது. தனித்தனி முகவரியின்றி, தோட்டத்து அலுவலகத்தின் பெயருக்கே கடிதம் வந்து சேரும் லயங்கள் பல இருந்துவந்துள்ளன. இந்நிலையில் ஆங்கில வினாவோ 'பட்டினம்' என்னும் பொருள் ஒட்டிக்கொண்ட ஒரு சொல்லினால் ஊரைக் கேட்கின்றது. மாணவன் ஒரு கணம் தயங்குகிறான். பின்னர், வகுப்பிலே தரப்பட்ட மாதிரி விடையை ஒப்புவிக்கத் தொடங்குகிறான்.

அந்த மாதிரி விடைகளே இக்கட்டுரையின் பொருள். இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குள் இவை வருமா என்ற ஐயம் எழலாம். வாழ்க்கையைச் சொற்களிலே அமைத்துக் காட்டுவதும், தனக்கெனச் சில மரபுகளைக் கொண்டிருப்பதும், ஒரு வாசகர் கூட்டத்தின் உள்ளத்திலே பதிவதுமான எந்த எழுத்தும் விமர்சனத்திற்குரியதே. அவ்வகையில் நோக்குமிடத்து இன்றைய மாணவரால் மிக ஊன்றிப் படிக்கப்படும் உரைநடை இதுவாகவே இருக்கலாம். பாடநூலிலுள்ள நான்கு செய்யுள்களை மனனம் செய்ய மறுக்கும் மாணவர்களே இவற்றை இரவிரவாக உருப்போடுகின்றனர். இத்துணை ஊன்றிப் படிக்கப்படும் எழுத்து விமர்சகர் எவருடைய கண்ணிலும் படாமல் இருந்துவருவது வியப்பிற்குரியது.

பரீட்சையின் அமைப்பை முதலிற் சுருக்கமாக அறிந்துகொள்ளல் வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். எனும் பெயருடன் 1989இல் தொடங்கிய பரீட்சையைப் பிரித்தானியக் கவுன்சில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பிரிவு, அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஐ.டி.பி. ஆகிய மூன்றும் இணைந்து நடத்துகின்றன. அதன் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை நீடிக்கும். முதற் பிரிவிலே வீடு, குடும்பம், படிப்பு, தொழில், பொழுதுபோக்கு என்பன பற்றிய வினாக்கள். இரண்டாம் பிரிவிலே ஓர் அட்டை கொடுக்கப்படும். அதிலுள்ள பொருளைப் பற்றி ஒரு நிமிடம் சிந்தித்து, இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசுதல் வேண்டும். மூன்றாம் பிரிவு அதே பொருளை ஒட்டிய விவாதம். ஏன், எவ்வாறு, முன்னரும் இப்படியா என்று பரீட்சகர் துருவித் துருவிக் கேட்பார். சரளமும் தொடர்பும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்னும் நான்கிற்கும் சமமான நிறை உண்டு. கூறப்படும் செய்தி உண்மையா பொய்யா என்பதற்குப் புள்ளி கிடையாது. இது மனங்கொள்ளத்தக்கது. லயத்திலே வாழ்பவன் மாளிகையிலே வாழ்வதாகக் கூறினும் பரீட்சகர் புள்ளியைக் குறைக்கமாட்டார். எனவே, பொய்யைப் பரீட்சை கோருகிறது என்று கூறுவதற்கில்லை. கோருவது வேறெதுவோ.

பரீட்சையின் பெறுமதியும் சிறிதன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டைவிட்டுச் செல்லும் எண்ணம் எல்லாச் சமூகத்து இளைஞரிடையேயும் பரவியது. தோட்டத்து இளைஞரும் அதற்கு விலக்கல்லர். பிரித்தானியாவிலே தாதியாகப் பதிவு பெற இப்பரீட்சையின் வழி முயல்பவர் பேச்சில் 7 புள்ளி பெற்றாக வேண்டும். பெற்ற பெறுபேறும் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட நாளாந்த அடிப்படைச் சம்பளமான 1,350 ரூபாவைக் கொண்டு கணக்கிட்டால், மாதத்தில் 25 நாள் பெயர் பதிந்த தொழிலாளிக்குக் கிடைத்தது 33,750 ரூபா. பரீட்சைக் கட்டணம் அதனிலும் கூடியது. தாயொருத்தி ஒரு மாதத்திற்கு மேலாகப் பறித்த கொழுந்து அந்தப் பதினான்கு நிமிடங்களிலே பந்தயமாக வைக்கப்படுகின்றது. மாதிரி விடையை உருப்போடும் மாணவனைச் சோம்பேறி என்று பழிப்போர் இக்கணக்கையும் சேர்த்துப் பார்த்தல் நன்று. தோற்றால் மறுமுறை எழுதலாம் என்பது வசதியுள்ளோரின் வாசகம். ஒரே முறைக்கு மாத்திரம் பணமுள்ளவன் துணிந்து சொந்தமாகப் பேசுவதைவிடப் பிறர் எழுதியதை ஒப்புவிப்பதையே பாதுகாப்பு என்று கருதுவான்.

இனி, அவ்விடைகளின் உலகத்தை நோக்கலாம். அவற்றிலே இடம் என்பது எப்போதும் அமைதியும் அழகும் நிரம்பியது. வீட்டிற்கு ஒரு தோட்டம் உண்டு, அது பூந்தோட்டம். அறைகள் பல, அவற்றுள் ஒன்று பேசுபவருக்கே உரியது. காலம் என்பது விடுமுறை நாள். வேலைநாள் வந்தாலும் அது அலுவலக வேலைநாளாக இருக்கும். மனிதர் எல்லோரும் அன்பானவர்கள், ஊக்கமளிப்பவர்கள். தகப்பனார் நூல்களை விரும்பி வாசிப்பார். தாயார் வார இறுதியிலே சிறப்பாகச் சமைப்பார். பொழுதுபோக்கு வாசிப்பு, பிரயாணம், இசை. ஒருவருக்கும் கடன் இல்லை. ஒருவரும் எவரோடும் பிணக்குக் கொள்வதில்லை. உலகின் எந்த நாட்டிற்கும் பொருந்தும்படி எழுதப்பட்டமையால் எந்த நாட்டிலும் இல்லாத ஒரு வாழ்க்கை அங்கே உருவாகியுள்ளது. நவீன தமிழ்ப் புனைகதை மிகுந்த போராட்டத்தின் பின் கைவிட்ட கற்பனாவுலகம், பரீட்சை வழிகாட்டியின் வாயிலாக மீண்டும் உட்புகுந்திருக்கின்றது எனலாம்.

மழையைப் பற்றிய வினாவை உதாரணமாகக் கொள்ளலாம். காலநிலை இப்பரீட்சைக்கு விருப்பமான பொருள். மாதிரி விடையிலே மழை பெய்தால் பேசுபவர் யன்னலோரத்திலே அமர்ந்து, சூடான கோப்பியை அருந்தியவாறு புத்தகம் வாசிப்பார். இதனை மனனம் செய்பவன் இலங்கையிலேயே மழைவளம் மிகுந்த பகுதிகளுள் ஒன்றில் வாழ்பவன். தென்மேற்குப் பருவக்காற்று சப்ரகமுவ மலைகளிலே முட்டிப் பொழியும் மழையை அவன் அறிந்த அளவிற்கு எந்த வழிகாட்டியின் ஆசிரியரும் அறியார். விடியலில் மழை பிடித்தால் கேகாலைப் பகுதியின் இறப்பர் மலைகளிலே பால் வெட்டு இல்லை. வெட்டினாலும் பால் மழைநீரோடு கரைந்து போகும். பால் வெட்டு இல்லையேல் அன்றைய பெயரும் ஐயத்திற்குரியது. தேயிலை மலையிலோ மழைக்கும் கொழுந்து எடுப்பு நிற்பதில்லை. இடுப்பிற் கட்டிய படங்கும் தலையிற் போட்ட கொங்காணியும் நனைந்து கனக்கும். 2016 மே மாதம் 17ஆம் திகதி அரநாயக்கவிலே சாமசரக் குன்றின் சரிவு இடிந்து கிராமங்களை மூடியது. அதே மழையில் புளத்கொஹுப்பிட்டியப் பகுதித் தோட்டத்து லயங்களும் மண்ணுக்கு இரையாயின. அடுத்த ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்டது. இரவில் மழை வலுத்தால் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு பாடசாலைக்கோ கோயிலுக்கோ போவதா, வேண்டாமா என்று பெற்றோர் தாழ்ந்த குரலிலே பேசிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தவனிடம் மழையைப் பற்றிக் கேட்கப்படுகின்றது. அவனோ யன்னலையும் கோப்பியையும் பற்றிப் பேசுகிறான். நேர்ந்திருக்கும் இழப்பை இதனைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இவ்விழப்பின் வரலாற்றுப் பின்னணியை உணர வேறொரு வழிகாட்டியை நினைவுகூர்தல் பொருந்தும். பெருந்தோட்டங்களின் தொடக்க காலத்தில் ஆங்கிலேயத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கும் சிறுநூல்கள் கொழும்பிலே அச்சாயின. அவற்றுள் பேர்கசன் என்பார் சின்னத்துரைமாருக்காக ஆக்கிய சட்டைப்பைக் கைநூலின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். 1915இல் வெல்ஸ் என்பார் வெளியிட்ட மற்றொன்று 'கூலித் தமிழ்' எனப் பெயர் பெற்றது. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் தமிழைத் துரைமாருக்குக் கற்பிப்பது அதன் நோக்கம். நூலின் பெயரே ஓர் ஏவல் வினைமுற்றாக அமைந்தமை தற்செயலன்று. ஒரு மொழியிலிருந்து ஏவலை மாத்திரம் பொறுக்கியெடுத்துக் கற்கும் ஒருவன், அம்மொழியைப் பேசுவோரின் விடையை எதிர்பார்ப்பதில்லை. அவர்கள் வந்தாற் போதும், பேச வேண்டியதில்லை.

இன்றைய வழிகாட்டியிலே நிலைமை தலைகீழாகியுள்ளது. அன்று ஏவலுக்குச் செவிசாய்த்தவரின் கொள்ளுப்பேரன் இன்று ஆங்கிலத்திலே வினவப்படுகிறான். அவனுடைய விடை ஒலிப்பதிவும் செய்யப்படுகின்றது. இது முன்னேற்றமே. இதனை மறுப்பது வரலாற்றை மறுப்பதாகும். ஆயினும் அவனுடைய விடையும் வேறெவராலோ முன்னரே எழுதப்பட்டிருக்கின்றது. இரு கைநூல்களிலும் தோட்டத்து மனிதனின் சொந்தப் பேச்சிற்கு இடமில்லை என்னும் ஒற்றுமையை மறைக்க முடியாது.

தோட்டத்துப் பேச்சிலே ஆங்கிலம் இல்லை என்று எண்ணுவதும் தவறு. பரீட்சார்த்தி தன்னிடம் இருப்பதை அறியாதவனாக இருக்கிறான் என்பதே உண்மை. 'லயம்' என்ற சொல்லே வரிசை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. விடியற்காலை ஆள் திரட்டும் 'பெரட்டு' இராணுவ அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. கண்டாக்கையா, கிளாக்கர், டீமேக்கர், செக்ரோல் என்று பட்டியல் நீளும். மறுதலையாகக் கங்காணி, கூலி என்னும் நம் சொற்கள் ஆங்கில அகராதிக்குட் புகுந்துள்ளன. தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்துவைத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை 'துண்டு' என்ற தமிழ்ச்சொல் ஆங்கில ஆவணங்களிலே அப்படியே எழுதப்பட்டது. இச்சொற்கள் யாவும் வேலை, கணக்கு, கட்டளை என்பன பற்றியவை. அன்பிற்கோ துயருக்கோ விளையாட்டிற்கோ ஆங்கிலத்திலிருந்து ஒரு சொல்லும் லயத்திற்குள் வரவில்லை. அவை வருவதற்கான உறவு அன்று இருக்கவுமில்லை.

இங்கு பரீட்சையின் அளவுகோலே மாணவனுக்குத் துணைநிற்கின்றது என்பது பலர் அறியாத செய்தி. சொல்வளத்தை மதிப்பிடும்போது, நேர்ச்சொல் கிடைக்காதவிடத்து வேறு சொற்களாற் பொருளை விளக்கும் ஆற்றல் சிறப்பாகக் கருதப்படுகின்றது. ஆகவே லயம் என்றால் என்ன என்று, அதனைக் கண்டறியாத ஒருவருக்கு விளக்குதல் புள்ளி தரும் செயலாகும். நீண்ட ஒரே கூரை, அதன் கீழ் அடுத்தடுத்துக் காம்பிராக்கள், முன்னால் இஸ்தோப்பு, அடுத்த வீட்டுக் குழந்தையின் இருமல் சுவரைத் தாண்டி வரும் நெருக்கம், ஒரு வீட்டிலே மரணம் நேர்ந்தால் பத்து வீட்டு அடுப்பும் அணைந்துவிடும் வழக்கம். இதனைச் சொல்ல முயலும் மாணவன் இறந்தகால வினையையும் நிகழ்கால வினையையும் மாறிமாறிக் கையாள வேண்டிவரும், ஒப்பிட வேண்டிவரும், காரணம் கூற வேண்டிவரும். பூந்தோட்டமுள்ள வீட்டை வருணிப்பவனுக்கு இவற்றுள் எதுவும் தேவைப்படுவதில்லை. மூன்றாம் பிரிவிலே பரீட்சகர் "ஏன்?" என்று கேட்கும்போது உருப்போட்டவனின் வீடு இடிந்து விழுகின்றது, அவன் அங்கே வாழ்ந்ததில்லை.

ஆயின், மனனமே தீங்கு என்ற முடிவிற்கு வருவது அவசரமாகும். மேனாட்டுக் கல்வியாளர் சிலர் கீழைத்தேயத்தவரின் மனனப் பழக்கத்தை இழிவாகப் பேசுவதுண்டு. தமிழ்ப் பாடசாலையின் பேச்சுப் போட்டியையே பார்க்கலாம். ஆசிரியர் எழுதிக் கொடுப்பார். மாணவன் கையசைவுடன் ஒப்புவிப்பான். நடுவரை விளிக்கும் முதல் வாக்கியத்திலிருந்து நன்றி கூறும் இறுதி வாக்கியம் வரை ஒரே மூச்சு. அதே குரலுடன் ஆங்கிலப் பரீட்சைக்குச் செல்பவன், நடுவிலே பரீட்சகர் ஒரு வினாவை இடையிட்டதும் இழை அறுந்து மௌனமாகிறான். மேடைப் பேச்சின் மரபு உரையாடலுக்கு உதவாமற் போகின்றது. இது மனனத்தின் ஒரு வகை.

தோட்டத்திலேயே வேறொரு வகை மனனமும் உண்டு. ஒப்பாரி சொல்லும் முதியவளை நோக்குக. அவளிடம் ஆயத்தமான தொடர்கள், உவமைகள், விளிகள் நூற்றுக்கணக்கிலே உள்ளன. அவற்றை அவள் ஆக்கவில்லை. தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் கேட்டுக் கொண்டவை. ஆயினும் ஒரு சாவீட்டில் அவள் சொல்வது மற்றொரு சாவீட்டிற்குப் பொருந்தாது. இறந்தவரின் பெயர், முறை, தொழில், அவர் மலையிலிருந்து திரும்பும் வழி, விட்டுச்சென்ற பிள்ளைகள் எல்லாம் அந்த ஆயத்தமான தொடர்களுக்குள்ளே வந்து அமர்கின்றன. பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் ஆற்றிய ஆய்வு 1968இலே தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக ஒக்ஸ்போர்ட்டில் வெளியாயிற்று. யூகோஸ்லாவியப் பாணரிடம் மில்மன் பரியும் அல்பேர்ட் லோர்டும் கண்ட வாய்மொழி வாய்பாட்டு முறையை அவர் சான்றோர் செய்யுளுக்குப் பொருத்திக் காட்டினார். வாய்பாடு என்பது ஆக்கத்திற்கு எதிரியன்று; எழுத்தில்லாத இடத்தில் ஆக்கத்தின் அடித்தளமே அதுவாகும் என்பது அவ்வாராய்ச்சியாற் புலனாகும். சங்கச் செய்யுளுக்குச் சொல்லப்பட்ட ஒன்றை ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு இழுத்து வருவது மிகையாகத் தோன்றலாம். ஆனால் சட்டகத்தை உருப்போட்டு உள்ளீட்டைத் தன்னுடையதாக வைத்துக்கொள்ளும் வித்தையை, லயத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள். ஆங்கில வகுப்பு நடத்துவோர் சட்டகத்தையும் உள்ளீட்டையும் சேர்த்தே விற்கின்றனர்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுதல் கூடும். மாணவன் தன் லயத்தை மறைப்பது அவனுடைய விருப்பமன்றோ? அதனைக் குறைகூற விமர்சகனுக்கு என்ன உரிமை? நியாயமான தடை. சப்ரகமுவத் தோட்டத்தவரின் மறைப்பிற்கு வெட்கம் மாத்திரம் காரணமன்று. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தோட்டங்கள் இவை. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது லயங்கள் எரிந்தன. பல குடும்பங்கள் வன்னிக்கும் இந்தியாவிற்கும் போய்ச் சேர்ந்தன. எவ்விடத்திலே எதனைச் சொல்வது, எந்த மொழியிலே பேசுவது, பேருந்தில் எவ்வளவு உரத்துப் பேசுவது என்பதெல்லாம் அங்கே உயிரோடு தொடர்புடைய அறிவாக இருந்தன. அந்த அறிவு பிள்ளைகளுக்கும் இறங்கியுள்ளது. அந்நியர் ஒருவர் "எங்கே வசிக்கிறீர்?" என்று கேட்கும்போது அளந்து விடைகூறுதல் அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அதனை ஒரு பரீட்சை வகுப்பிலே கழற்றி வைத்துவிடு என்பது அறியாமை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு படுகுழி உண்டு. உண்மையைச் சொல் என்றதும், ஏழைத் தொழிலாளியின் மகன் என்று தொடங்கிக் கண்ணீரில் முடியும் இன்னொரு மாதிரி விடை தயாராகிவிடலாம். புலமைப்பரிசில் நேர்முகங்களிலே அவ்வகை விடைக்கு நல்ல விலையுண்டு. தேயிலைப் பெட்டியின் மேலட்டையில் கூடையுடன் புன்னகைக்கும் பெண்ணும், இரங்கத்தக்க வறியவனாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் மாணவனும் ஒரே சந்தையின் சரக்குகள். பூந்தோட்டமும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். காவத்தைச் சந்தையிலே சிங்களத்தில் விலை பேசி, கோயிலிலே தமிழிற் பாடி, கைபேசியில் இந்தியப் படம் பார்த்து, மாலையில் பந்து விளையாடி, இரத்தினபுரிப் பாதையால் சிவனொளிபாத மலை ஏறிவரும் ஓர் இளைஞனின் வாழ்க்கையிலே பேசுவதற்குச் செய்தி நிறையவுண்டு. மறைக்க விரும்புவதை மறைத்த பின்னும் அது எஞ்சியிருக்கும். சொல்லத் தெரிந்தவன் மறைப்பது ஒன்று. சொல்வதற்கு வழியே காட்டப்படாதவன் மறைப்பது வேறு. பின்னதற்கே ஆசிரியர்கள் பொறுப்பு.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள் என்று அழைப்பர். இச்சொல்லின் சமூகப் பொருளைத் திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரை விரிவாக ஆராய்ந்தது. உயிரொலிகளைப் பிறழ உச்சரிப்போரை எள்ளி நகையாட 'நொட் பொட்' என்ற பட்டமும் இந்நாட்டில் உண்டு. 2009இல் அரசு ஆங்கிலத்தை வாழ்க்கைத் திறனாகப் பரப்பும் திட்டத்தைத் தொடங்கி, நம் வழியிலேயே ஆங்கிலம் பேசுவோம் என்று முழங்கியபோது இவ்வச்சம் நீங்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அந்த 'நம்' என்பதற்குள் யார் யார் அடங்குவர் என்ற வினா எஞ்சிநின்றது. கொழும்புக் கற்றோரின் ஒலிக்கு அங்கீகாரம் கிடைப்பதும், 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று தொடங்கும் தோட்டத்து நாவிற்கு அங்கீகாரம் கிடைப்பதும் ஒன்றல்ல. போதாக்குறைக்கு, இரத்தினபுரி, அவிசாவளை முதலிய பட்டினங்களின் வகுப்புகளில் ஆங்கிலம் பெரும்பாலும் சிங்களத்தின் வழியே விளக்கப்படுகின்றது. தமிழ்வழி நூல் தேடுபவன் தமிழ்நாட்டு நூலையே வாங்குகிறான். மூன்றாம் மொழியை இரண்டாம் மொழியின் வாயிலாகக் கற்பவன் செலுத்தும் இரட்டை உழைப்பு எந்தப் பெறுபேற்றுத் தாளிலும் பதிவாவதில்லை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். அளவுகோல் தெளிவாக விளங்குவதையே கேட்கிறது. ஆங்கிலேயனைப் போல் ஒலிப்பதைக் கேட்கவில்லை. இதனை ஒரு தடவையேனும் வகுப்பிலே சொன்னால் பல நாவுகள் கட்டவிழும்.

தோட்டத்து வாழ்க்கை ஆங்கிலத்திலே சொல்லப்படாத ஒன்றுமன்று. புண்டுலோயாவின் மடக்கும்புரையிலே பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, 1970இல் வெளியான 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்னும் ஆங்கில நூலிலே தொழிலாளரைத் தனித்தனி மனிதராக நடமாட விட்டார். நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. லயத்து வாய்மொழியை நன்கறிந்திருந்த காது அவருடைய ஆங்கிலத்திற்கு வலிமை தந்தது. அவர் எழுதியது மத்திய மலைநாட்டை. சப்ரகமுவவின் இறப்பர் நிழலுக்கும் இரட்டைப் பருவமழைக்கும் அத்தகைய ஆங்கில நூல் இன்னும் தோன்றவில்லை. பேச்சுப் பரீட்சையின் இரண்டு நிமிடத்தை ஓர் இலக்கியமாக யாரும் கருதப் போவதில்லைதான். இருந்தும் பெலிஹுல்ஓயாவிலும் பிற வளாகங்களிலும் மாலை வேளைகளில் இருவர் இருவராக அமர்ந்து, கைபேசியில் நேரம் குறித்து, ஒருவர் கேட்க மற்றவர் சொல்லிப் பழகும் மாணவர் பலர். அப்பயிற்சியிலே வினாத்தாளை முதலில் தமிழிற் கேட்டு, விடையையும் தமிழில் இரண்டு நிமிடம் சொல்லிப் பார்த்து, அதன் பின்னரே ஆங்கிலத்திற்குச் செல்லும் ஒரு முறையைச் சோதித்துப் பார்க்கலாம். தமிழிற் சொல்லும்போது எவரும் யன்னலோரத்திலே கோப்பி அருந்துவதில்லை.